சைகைவழிக் கணினிக் கட்டுப்பாடு

சைகைவழிக் கணினிக் கட்டுப்பாடு என்பது, சுட்டி, விசைப்பலகை ஆகியவற்றைத் தொடாமல், கை மற்றும் விரல்களின் அசைவால் கணினிக்குக் கட்டளையிடும் முறையாகும். ஒளிப்படக் கருவி அல்லது உணரி அசைவைப் பதிவு செய்ய, மென்பொருள் அதனைக் கட்டளையாக மாற்றுகின்றது.

வரலாறு

1980-இல் அமெரிக்காவின் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் போல்ட் என்பவர், திரையை நோக்கிக் கைநீட்டிப் பேசினால் உருவங்களை நகர்த்தும் அமைப்பொன்றை விளக்கினார். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கினெக்ட் 2010-இல் வெளிவந்து, 2017-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

சிக்ஸ்த்சென்ஸ்

இத்துறையில் இந்தியர் ஒருவரால் உருவாக்கப்பட்டுப் பரவலாக அறியப்பட்டது சிக்ஸ்த்சென்ஸ் ஆகும். இதனை உருவாக்கியவர் குசராத்து மாநிலம் பாலன்பூரைச் சேர்ந்த பிரணவ் மிஸ்திரி. இவரது முதல் முயற்சி சுட்டியிலிருந்தே பிறந்தது. பந்து வைத்த பழைய சுட்டிகளைப் பிரித்து, அவற்றின் உருளைகள் நான்கை நூல், கப்பி, சுருள்வில் ஆகியவற்றோடு இணைத்து, கையசைவை உணரும் கருவியொன்றை 2 டாலர் செலவில் செய்தார்.

பின்னர் மாசாச்சூசெட்ஸ் கழகத்தில் உருவான சிக்ஸ்த்சென்ஸ், கழுத்தில் தொங்கவிடத்தக்க ஒளிப்படக் கருவியும் சிறிய ஒளிவீழ்த்தியும் கொண்டது. விரல் நுனிகளில் சுற்றிய வண்ணப் பட்டைகளை ஒளிப்படக் கருவி பின்தொடரும். விரல்களைச் சட்டம் போல் பிடித்தால் படம் எடுக்கப்படும். மணிக்கட்டில் வட்டம் வரைந்தால் கடிகாரம் தோன்றும். 2009 நவம்பரில் மைசூரில் நடந்த டெட் இந்தியா மாநாட்டில் மிஸ்திரி இதனை விளக்கினார். அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்ட போதிலும், இது சந்தைப் பொருளாக வெளிவரவில்லை.

2010-இல் இவர் குழுவினர் மவுஸ்லெஸ் என்னும் கருவியைச் செய்தனர். மேசைப் பரப்பை ஒட்டி அகச்சிவப்பு லேசர் ஒளி பாயும். சுட்டியைப் பிடித்திருப்பது போலக் குவித்த கையின் விரல்கள் அவ்வொளியில் படும் இடங்களை ஒளிப்படக் கருவி கண்டறியும்.

தற்போதைய நிலை

கூகிள் 2019-இல் வெளியிட்ட மீடியாபைப் மென்பொருள், சாதாரண ஒளிப்படக் கருவியைக் கொண்டே ஒரு கையில் 21 புள்ளிகளை இனங்காண்கின்றது. வண்ணப் பட்டை தேவையில்லை. கல்லூரி மாணவர்களும் இதைக் கொண்டு செயல்திட்டங்கள் செய்ய இயலும். அதே ஆண்டு வெளியான பிக்சல் 4 கைபேசியில் சைகையை அறிய ரேடார் பொருத்தப்பட்டது. அதற்குரிய 60 கிகாஎர்ட்சு அலைவரிசைக்கு அனுமதி இல்லாமையால் அக்கைபேசி இந்தியாவில் விற்கப்படவில்லை.

குறைபாடுகள்

கையை நீட்டி வைத்திருப்பதால் தோள் விரைவில் சோர்வடைகின்றது. நீண்ட கட்டுரையை இவ்வாறு தட்டெழுத எவரும் விரும்பமாட்டார். இதனினும் பெரிய சிக்கல், எந்த அசைவு கட்டளை, எந்த அசைவு தற்செயல் என்று பிரித்தறிவதாகும். தலையைச் சொறிவதும் கணினிக்கு ஓர் அசைவே.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் உள்ளவை போன்ற வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலைகளில் இது பாதுகாப்புச் சிக்கலாகவும் ஆகின்றது. எண்ணெய் படிந்த கைகளுக்குத் தொடாமல் இயக்கும் முறை வசதியானதே. எனினும் தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் தவறாக அறியப்பட்ட ஓர் அசைவு விரலைப் பறிக்கக்கூடும். இவ்வகை இயந்திரங்களில் கையாளப்படும் இருகை இயக்க முறையில், தள்ளித் தள்ளி அமைந்த இரு பொத்தான்களையும் ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரு கைகளும் அச்சுக்கு வெளியே உள்ளன என்பதற்கு அப்பொத்தான்களே உறுதி.