இரத்தத்தில் கொழுப்பு, கதவோ கல்லீரலில்

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒருவர் மாரடைப்பால் காலமானார் என்ற செய்தி வந்தால், அடுத்து எழும் கேள்வி "என்ன சாப்பிடுவார்?" என்பதுதான். ஆட்டிறைச்சி பிரியாணி, பராட்டா, மீன் தலைக் கறி என்று பட்டியல் வரும். இறந்தவர் நாற்பது வயதுகூட நிரம்பாத, மெலிந்த உடம்புக்காரர், அதுவும் சைவம் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "தலையெழுத்து" என்பார்கள். பேச்சு நின்றுபோகிற அந்த இடத்திலிருந்து நான் தொடங்குகிறேன்.

நம் ஊரில் இந்தக் கேள்வியைப் பதிவேடுகளை வைத்துக் கேட்டவர் பேராசிரியர் டி. ஜே. தனராஜ். பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானவர் இவரே. அதற்கு முன்பு அவர் சிங்கப்பூரில் இருந்தார். அப்போது அவரும் சக மருத்துவர்களும் 1950களின் பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகளை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் அடைப்பு, சீனர்களைவிட இந்தியர்களிடம் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. 1959ஆம் ஆண்டு அமெரிக்க இதயநோய் சஞ்சிகை ஒன்றில் அக்கட்டுரை வெளிவந்தது. அந்தப் பதிவேடுகளில் இருந்தவர்கள் துரித உணவையே அறியாத தலைமுறையினர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1990ல், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரணக் கணக்குகளைப் பார்த்தபோதும் அதே கதைதான். இருதயக் குழாய் அடைப்பால் இறந்த இந்திய ஆண்களின் விகிதம் சீன ஆண்களுடையதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் "கெட்ட கொழுப்பு" என்று நாம் சொல்லும் எல்டிஎல் அளவில் இனங்களுக்கிடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. இந்தியர்களிடம் நல்ல கொழுப்பு குறைவாகவும் நீரிழிவு அதிகமாகவும் இருந்தன. ஆகவே நம் சமூகத்தின் இதயநோய் முழுவதற்கும் நான் இன்று சொல்லப்போவதே காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் எல்லா இனங்களிலும், நம்மிடமும், சில குடும்பங்கள் இருக்கின்றன. அப்பா நாற்பத்தைந்தில், சித்தப்பா நாற்பதில் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தக் குடும்பங்களின் புதிரை அவிழ்த்த கதை அமெரிக்காவில் நடந்தது.

1968ல் அங்குள்ள தேசிய சுகாதார நிலையத்தில் இரண்டு பிள்ளைகள் சிகிச்சைக்கு வந்தார்கள். தங்கைக்கு ஆறு வயது, அண்ணனுக்கு எட்டு வயது. இருவருக்கும் மாரடைப்பு! இரத்தத்தில் கொழுப்பு சாதாரண அளவைப்போல் பல மடங்கு. அந்த வயதில் எத்தனை பிரியாணி சாப்பிட்டிருக்க முடியும்? அவர்களைக் கண்ட இளம் மருத்துவர்கள் இருவரின் மனத்தை இந்தக் கேள்வி விடவில்லை. ஒருவர் ஜோசப் கோல்ட்ஸ்டைன், மற்றவர் மைக்கேல் பிரவுன். 1966ல் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவர்களாகச் சந்தித்து நண்பர்களானவர்கள். பிறகு டெக்சஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் ஒன்றாக ஆய்வைத் தொடங்கினார்கள்.

அவர்கள் செய்த சோதனை மிக எளிமையானது, அதனால்தான் எனக்கு அது மிகவும் பிடிக்கும். தோலில் ஒரு கிள்ளு எடுத்து அதன் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். கொலஸ்ட்ராலை நம் உயிரணுக்களே தயாரித்துக்கொள்ளும். வெளியிலிருந்து எல்டிஎல் கிடைத்தால், "வந்துவிட்டதே, இனி நாம் எதற்குச் செய்வது" என்று தயாரிப்பை நிறுத்திவிடும். நல்ல உயிரணுக்கள் அப்படித்தான் நடந்துகொண்டன. நோயாளியின் உயிரணுக்களோ, சுற்றிலும் எல்டிஎல் நிறைந்திருந்தும் தயாரித்துக்கொண்டே இருந்தன. தயாரிக்கும் இயந்திரம்தான் கெட்டுப்போய்விட்டதோ? கொலஸ்ட்ராலை மதுசாரத்தில் கரைத்து நேராக உயிரணுவுக்குள் புகும்படி கொடுத்துப் பார்த்தார்கள். உடனே தயாரிப்பு நின்றது! இயந்திரத்தில் பழுதில்லை. வாசலில் சரக்கு வந்து நிற்பதே உள்ளே இருப்பவனுக்குத் தெரியவில்லை. கதவு இல்லை.

அந்தக் கதவுதான் எல்டிஎல் ஏற்பி, உயிரணுவின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு புரதம். 1973, 74ஆம் ஆண்டுகளில் அவர்கள் இதை நிலைநாட்டினார்கள். கதிரியக்க அயோடின் ஏற்றிய எல்டிஎல் நல்ல உயிரணுக்களில் ஒட்டிக்கொண்டது, நோயாளியின் உயிரணுக்களில் ஒட்டவில்லை. 1985ல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

இந்த ஏற்பிகள் நம் கல்லீரலில்தான் பெருவாரியாக இருக்கின்றன. ஏற்பி எல்டிஎல் துகளைப் பிடித்துக்கொண்டு உயிரணுவுக்குள் மூழ்கும், அதை உள்ளே விட்டுவிட்டு மறுபடி மேலே வரும். ஒரு நடைக்குச் சுமார் பத்து நிமிடம். தன் ஆயுளில் நூற்றுக்கும் மேற்பட்ட நடை. தேக்கா சந்தைக்கு விடியற்காலையில் லாரியும் ஆளுமாகச் சரக்கு இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இறக்க ஆளில்லாவிட்டால் சரக்கு சாலையிலேயே தேங்கும், அவ்வளவுதான். 1984ல் பிட்ஸ்பர்க் நகரில், இந்நோய் கண்ட ஒரு சிறுமிக்கு இதயத்தோடு கல்லீரலையும் மாற்றினார்கள். புதிய கல்லீரல் வந்ததும் இரத்தக் கொழுப்பு மளமளவென்று இறங்கியது.

இனி மாத்திரைக்கு வருவோம். "டாக்டர் கொழுப்பைக் கரைக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்" என்று நம்மவர்கள் சொல்வார்கள். ஸ்டாட்டின் மாத்திரை எதையும் கரைப்பதில்லை. அது கல்லீரல் தன் கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதைத் தடுக்கிறது. பற்றாக்குறை கண்ட கல்லீரல் வெளியிலிருந்து எடுக்க அதிகக் கதவுகளைத் திறக்கிறது. ஆகவே இரத்தம் சுத்தமாகிறது. மாத்திரையை நிறுத்தினால் கூடுதல் கதவுகளும் மூடிக்கொள்ளும். "அளவு சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த வகை மருந்தை 1973ல் முதலில் கண்டெடுத்தவர் ஜப்பானியரான அகிரா எண்டோ. கியோட்டோ நகரத்து அரிசிக் கடை ஒன்றிலிருந்து கிடைத்த பூஞ்சையில்! அவர் 2024ல் காலமானார். 2003க்குப் பிறகு, ஏற்பிகளை அழித்துவிடும் இன்னொரு புரதமும் தெரியவந்தது. அதைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015 முதல் பயன்பாட்டில் உள்ளன.

சாப்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. நெய், தேங்காய்ப் பால், இறைச்சிக் கொழுப்பு ஆகியவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு கல்லீரலின் ஏற்பிகளைக் குறைக்கும். ஆனால் பிறவியிலேயே பாதிக் கதவுகளோடு பிறந்தவர், பத்தியம் மட்டும் இருந்து கரைசேர முடியாது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்தாலே இந்த நிலைதான். உலகில் 250 முதல் 300 பேரில் ஒருவர் இப்படி இருக்கிறார். சிகிச்சை பெறாவிட்டால் அவர்களில் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐம்பது வயதுக்குள் இதயநோய் வந்துவிடுகிறது. எட்டு வயது அண்ணனுக்கும் ஆறு வயதுத் தங்கைக்கும் இரு பக்கத்திலிருந்தும் பழுது வந்திருந்தது. அது மிக அரிது.

சிங்கப்பூரில் சுகாதார அமைச்சு 2025 ஜூன் மாத இறுதியில் இந்தப் பரம்பரை நோய்க்கான தேசிய மரபணுப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. எல்டிஎல் அளவு 5.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர் பரிந்துரைக்கலாம். தகுதியுள்ளவர்களுக்கு மானியமும் உண்டு. பழுது உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. நம்மில் பலருக்கு அந்த உடன்பிறந்தவர்கள் தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறார்கள். இங்கே அண்ணனுக்குத் தெரியவந்த செய்தி அங்கே தம்பிக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அங்குள்ள ஆய்வுக்கூடங்கள் வேறு அளவைக் கணக்கில் எழுதுவார்கள். ஆகையால் அழைக்கும்போது 5.5 என்பது டெசிலிட்டருக்குச் சுமார் 213 மில்லிகிராம் என்றும் சொல்லிவிடுங்கள்.