கப்பல் இன்ஜினுக்கும் ஒரு மியூசியம்

போன ஞாயிறு பெண்ணைக் கூட்டிக்கொண்டு சாணக்யபுரி ரயில் மியூசியம் போயிருந்தேன். 1977-இல் திறந்தது. ஊரிலிருந்து தில்லி வரும் உறவுக்காரர்களுக்கெல்லாம் இங்கே நான்தான் ஆஸ்தான கைடு!

"ஏம்ப்பா, கப்பல் இன்ஜினுக்கு இப்படி மியூசியம் கிடையாதா?" என்றாள். பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? நல்லவேளை, பதில் தெரிந்திருந்தது. இருக்கிறது, கோபன்ஹேகனில்.

1620-இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டி, 1845-இல் ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்களே, அந்த டேனிஷ்காரர்களின் தலைநகரம். அங்கே பர்மைஸ்டர் அண்ட் வைன் என்றொரு கம்பெனி. ருடால்ஃப் டீசல் ஜெர்மனியில் தன் இன்ஜினை ஓட்டிக் காட்டியது 1897-இல். அடுத்த வருடமே அதைத் தயாரிக்கும் உரிமையை இவர்கள் வாங்கிவிட்டார்கள்.

பலன், 1912-இல் 'செலாண்டியா'. தலா 1,250 குதிரைசக்தியில் இரண்டு டீசல் இன்ஜின்கள். கரி அள்ளிப்போட ஆள் வேண்டாம், புகைபோக்கியும் கிடையாது. பாங்காக் போகிற வழியில் லண்டனில் நின்றபோது சர்ச்சிலே ஏறிப் பார்த்தாராம். 1932-இல் ஒரு மின்நிலையத்துக்காக 22,500 குதிரைசக்தி இன்ஜின் செய்தார்கள். முப்பது வருடம் உலகிலேயே பெரிய டீசல் இன்ஜின் அதுதான். ஜெர்மனி பிடியில் இருந்த தொழிற்சாலையை 1943-இல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டுவீசித் தாக்கின.

குண்டுக்குத் தப்பியது, கடனுக்குத் தப்பவில்லை. 1980-இல் இன்ஜின் பிரிவு ஜெர்மனியின் எம்.ஏ.என். கைக்குப் போனது. 1996-இல் கப்பல் கட்டும் தளம் திவால். ஆனால் அந்த 1932 இன்ஜினை உடைக்கவில்லை. அது நிற்கிற இடத்திலேயே 2006-இல் மியூசியம் வைத்தார்கள். கோபன்ஹேகன் டிசைனை வைத்து கொரியாவிலும் ஜப்பானிலும் சீனாவிலும் இன்றும் இன்ஜின் செய்கிறார்கள். 'பி அண்ட் டபிள்யூ' என்ற பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி என் கதை. பல வருடம் முன்பு வேறொரு ஊர்க் கிளையில் இருந்தபோது, படகு இன்ஜின் செய்யும் சின்னப் பட்டறை ஒன்று வாராக்கடனில் ஏலத்துக்கு வந்தது. பட்டியல் போட்டவன் நான். லேத், டிரில்லிங் மிஷின் எல்லாம் கிலோ கணக்கில். மூலையில் சுருட்டி வைத்த வரைபடங்களைக் காட்டி, "இதுக்கு என்ன போடுவீங்க சார்?" என்றார் வயதான ஃபோர்மேன். 'மதிப்பு இல்லை' என்று எழுதினேன். பழைய பேப்பர்காரர் எடுத்துப் போனார்.

கோபன்ஹேகனில் பிழைத்ததே அந்த வரைபடம்தானே!

பெண்ணுக்கு டென்மார்க் கதையை முழுசாகச் சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை.