கிரீஸ் அடித்த காலம்

அந்தக் காலத்தில் காரைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்பவர்கள் எனக்கு அடிக்கடி எதிர்ப்படுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் வீட்டில் ஒரு அம்பாசிடர் நின்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியனோடு, பக்கெட்டும் மஞ்சள் துணியுமாக அதைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா அவர்கள் ஞாபகத்தில் இருப்பார். நான் அதே கார்களை வேறு இடத்தில் பார்த்தவள். என் அப்பா ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைகளில் அங்கே பில் எழுதுவது என் வேலை. படிப்பு முடிந்த பிறகு சில வருடங்கள் அதுவே முழுநேர வேலையாகவும் ஆயிற்று. பார்த்தவரைக்கும் எனக்குத் தோன்றுவது இதுதான்: பாசத்தால் யாரும் காரைப் பராமரிக்கவில்லை. அந்தக் கார்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தன. கொடுக்காவிட்டால் நின்றுவிடும், நின்றால் வேறு கார் கிடையாது.

அப்பாவிடம் காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருந்தது. வண்டி எண், மீட்டர், செய்த வேலை, போட்ட பொருள் என்று கட்டம் கட்டியிருப்பார். வேலைகளுக்குச் சுருக்கெழுத்து: கி., ஆ., பி.க்ளீ., டா.செ. கிரீஸ், ஆயில், பிளக் க்ளீன், டாப்பெட் செட்டிங் என்று விரித்துப் படிக்க வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓடும் டாக்டர் வண்டிகூட மாதம் தவறாமல் அந்த நோட்டில் ஏறும். சினிமா கம்பெனி வண்டிகள் இன்னும் அதிகம். இன்றைக்கு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை சர்வீஸ் விடுகிற ஒருவரிடம் அந்த நோட்டைக் காட்டினால், எல்லாம் ஓட்டை வண்டிகள் என்றுதான் நினைப்பார். அவற்றில் பல புது வண்டிகள்.

மசகு போடுவது நம் ஊருக்குக் கார் கொண்டுவந்த பழக்கம் இல்லை. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மசி போட்டவர்கள் நாம். மவுண்ட் ரோட்டில் மோட்டார் தொழிலுக்குள் வந்தவர்களிலும் முக்கியமானவர்கள் குதிரை வண்டி கட்டியவர்கள்தாம். சிம்சன் கம்பெனி 1840-இல் தொடங்கியது. கோச்சு வண்டிகளுக்குப் பேர்போன அந்தக் கம்பெனியில் 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். தெற்கே மதுரையில் 1911-இல் தொழில் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ்களை நேரம் தவறாமல் ஓட்டிப் பெயரெடுத்தார். பஸ் நேரத்துக்கு ஓட வேண்டுமென்றால் ராத்திரியில் அதைப் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். தமிழ்நாட்டு மெக்கானிக்குகளில் மூத்த தலைமுறை இப்படிப்பட்ட பஸ் ஷெட்டுகளில் கை பழகியவர்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் அடுப்புக்கரியை எரித்து அதில் வரும் வாயுவில் வண்டி ஓட்டினார்கள். அதற்கான கேஸ் பிளான்டை டி.வி.எஸ். செய்து கொடுத்தது. கரி போடவும், சாம்பல் தள்ளவும், வடிகட்டியைச் சுத்தம் செய்யவுமே டிரைவருக்குப் பொழுது சரியாக இருக்கும்.

எங்கள் பட்டறைக்குச் சோறு போட்டது 1953-இல் அரசு எடுத்த முடிவு. உதிரிகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் வேண்டும் என்று அரசு கண்டிப்புக் காட்டியது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. கார் என்று வாங்கப் போனால் மூன்று பெயர்கள்தாம் மிஞ்சின: கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் கிடைத்த காரை யார் மூன்று வருடத்தில் மாற்றுவார்கள்? அப்பா வாங்கியதை மகன் ஓட்டி, மகனிடமிருந்து டாக்ஸிக்காரர் வாங்கி ஓட்டினார். வெளிநாட்டு உதிரி வராததால் இங்கேயே உதிரித் தொழில் வளர்ந்தது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இலேயே வந்துவிட்டது. பொம்மை பலூனில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். 1952-இல் தேய்ந்த டயருக்கு ஒட்டும் ட்ரெட் ரப்பர் செய்யத் தொடங்கியது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். 1961-இலும் பிரேக்ஸ் இந்தியா 1962-இலும் வந்தன. கம்பெனி உதிரி கிடைக்காத இடத்தில் லேத்துக்காரர் இருந்தார்.

இனி அம்பாசிடர். 1957-இல் அந்தப் பெயரோடு வந்த கார், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் நேர் வாரிசு. சில காலத்திலேயே 1489 சி.சி. எஞ்சின் வந்தது, பல பத்தாண்டுகள் அதே எஞ்சின்தான். முன்சக்கரம் திரும்புவது கிங்பின்னில். அதற்குத் தனியே கிரீஸ் நிப்பிள் உண்டு. இப்படி வண்டிக்கு அடியில் அங்கங்கே நிப்பிள்கள். அந்த மாதிரி பிரிட்டிஷ் கார்களுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ், மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை ஆயில் என்பது சாதாரணக் கணக்கு. கிரீஸ் கன்னை வைத்து, பழைய கறுப்பு கிரீஸ் பிதுங்கிப் புது கிரீஸ் தலைகாட்டும் வரை அடிக்க வேண்டும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீருக்குள் ஓடி வந்த வண்டியென்றால் கிலோமீட்டர் பார்க்காமல் அடித்துவிடுவார் அப்பா.

அம்பாசிடர் நின்ற இடத்தில் ஆயில் சொட்டும். வீட்டு போர்ட்டிகோவில் கோணி விரிக்காத அம்பாசிடர்க்காரர் கிடையாது. "போன வாரம்தானே சர்வீஸ் விட்டேன், மறுபடியும் ஒழுகுதே மேஸ்திரி?" என்று வந்து நிற்பார்கள். அப்பாவின் பதில் மாறாது: "ஒழுகலேன்னாதான் சார் பயப்படணும், உள்ள ஆயிலே இல்லைன்னு அர்த்தம்." விளையாட்டாகச் சொன்னாலும் காரணம் இருந்தது. இன்றைய எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையை ஒரு ரப்பர் சீல் கவ்வியிருக்கும். அந்த எஞ்சினில் சீலே கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய திருகு மரை, அது சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். வண்டி நின்றால் மரையும் நிற்கும், ஆயில் கசியும். அது வடிவமைப்பிலேயே உள்ளது. எந்த மெக்கானிக்கும் நிறுத்த முடியாது. தினமும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும் பழக்கம் நம் பெரியவர்களுக்கு வந்த வழி இதுதான்.

டாப்பெட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை. வால்வின் வாலுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி வேண்டும். பட்டறைப் பேச்சில் "பதினஞ்சு தவு". குறைந்தால் வால்வு சரியாக மூடாமல் கருகும். கூடினால் டக் டக் என்று தெருவுக்கே கேட்கும். எட்டு வால்வில் எதை எப்போது சரிசெய்வது என்பதற்குப் பையன்களுக்கு அப்பா ஒரே சூத்திரம்தான் சொல்லுவார்: கூட்டினால் ஒன்பது. முதல் வால்வு முழுக்கத் திறந்திருந்தால் எட்டாவதைச் செட் பண்ணு. மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது. பள்ளிக்கூடம் பாதியில் விட்ட பையன்கள் இந்தக் கணக்கில் ஒருபோதும் தப்பியதில்லை. எனக்கு எஞ்சினில் முதன்முதலாகப் புரிந்த விஷயமும் இதுதான்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னைக்காரர்களின் கார். வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்த்து, அப்படியே எதிர்த்திசையில் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்குக்குச் சொர்க்கம். ஆனால் அதற்குள் ஒரு கண்ணி இருந்தது. அதன் முன்சக்கரம் திரும்புகிற இடத்தில் ட்ரன்னியன் என்ற பித்தளை மாதிரிப் பாகம் உண்டு. செங்குத்தான இரும்புக் காலின் அடிமரை அதற்குள் திருகியிருக்கும். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற கெட்டி ஆயில்தான் போட வேண்டும். கையேட்டில் தெளிவாக இருந்தும், நிப்பிளைக் கண்டாலே கிரீஸ் கன்னை வைத்துவிடும் பழக்கம் அம்பாசிடரால் வந்திருந்தது. கிரீஸ் மரையின் உள்ளே போய்ச் சேராது. தண்ணீர் போய்ச் சேரும். துரு பிடித்து அரித்து, ஒருநாள் திரும்பும்போது இரும்புக்கால் முறிந்து சக்கரம் உள்ளே மடிந்து வண்டி ஒரு பக்கம் உட்காரும். அப்படி உட்கார்ந்த ஹெரால்டுகளைக் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் சந்தை அடைத்து நிறுத்துவார்கள். ஓட்டை வண்டி என்று ஹெரால்டுக்கு வந்த கெட்ட பெயரில் ஒரு பங்கு கிரீஸ் கன்னுக்கும் சேர வேண்டும். மாதாமாதம் அக்கறையாகத் தவறான பொருளைப் போட்டார்கள்.

பம்பாய் பிரீமியர் செய்த ஃபியட்டைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை. 1974 முதல் பத்மினி என்று பெயர் மாறியது. ஸ்டியரிங்கை ஒட்டிய கியர், 1089 சி.சி. எஞ்சின். சொந்தமாக ஓட்டிக்கொண்டவர்கள் அதை விரும்பினார்கள், டிரைவர் வைத்திருந்தவர்கள் அம்பாசிடரை.

எந்தக் காராக இருந்தாலும் பெட்ரோல் ஒன்றுதான், அதில் ஈயம் இருந்தது. எஞ்சின் தட்டாமல் ஓட வேண்டும் என்று சேர்த்த ஈயம், எரிந்தபின் பிளக் முனையிலும் பிஸ்டன் தலையிலும் சாம்பல் நிறத்தில் படியும். கார்பனும் சேர்ந்துகொள்ளும். பிளக்கைக் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முனையில் 25 தவு இடைவெளி வைத்து மாட்டுவது வாடிக்கை வேலை. சில வருடத்துக்கு ஒருமுறை ஹெட்டையே இறக்கிக் கார்பன் சுரண்ட வேண்டும். அப்போது வால்வு ஒவ்வொன்றுக்கும் பேஸ்ட் தடவி, குச்சி முனையிலிருக்கும் ரப்பர் கிண்ணத்தால் கவ்விப் பிடித்து, மோர் கடைவதுபோல் இரு உள்ளங்கைக்கு நடுவே உருட்டி உருட்டித் தேய்ப்பார்கள். நாள் முழுக்க அந்தக் கரகர சத்தம்தான். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் மட்டுமே என்றாயிற்று. கார்புரேட்டரும் அதே காலத்தில் விடைபெற்றது. இந்த வேலைகளுக்கெல்லாம் அத்தோடு முடிவு கட்டியாயிற்று. பட்டறைக்காரர்களின் இரத்தத்தில் எவ்வளவு ஈயம் சேர்ந்திருந்தது என்று யாரும் பார்த்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பெட்ரோலில் கைகழுவிவிட்டு உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

சித்திரை வெயிலில் இன்னொரு தொல்லை. எஞ்சின் சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, வண்டி சிக்னலில் செத்துவிடும். டிரைவர்கள் டிக்கியில் தண்ணீர் கேனும் பழைய வேட்டித் துணியும் வைத்திருப்பார்கள். நனைத்துப் பம்பின் மேல் போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் உயிர் வரும். பேட்டரி இறங்கினால் ஹேண்டில். பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றி மடக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் விரல் தப்பும்.

உதிரிக்குப் புதுப்பேட்டை. கழித்த வண்டிகளைப் பிரித்துக் குவித்திருக்கும் அந்தத் தெருக்களில் கேட்டது கிடைக்கும், கேட்ட விலைக்குக் கிடைக்காது. டைனமோவைக் கையில் சுற்றிப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவார் அப்பா. ஆயுத பூஜையன்று ஸ்பானர்களைப் பெட்ரோலில் கழுவிப் பொட்டு வைத்து அடுக்குவது என் பொறுப்பு. வருடத்தில் அன்றைக்குத்தான் எல்லா ஸ்பானரும் எண்ணிக்கைக்கு வரும். காணாமல் போனவை தெரியவரும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எங்கள் பட்டறைக்கு அது வந்து சேரச் சில வருடங்கள் ஆயின. அப்பா அடியில் படுத்து நிப்பிள் தேடினார்; அகப்படவில்லை. கீழே ஆயில் சொட்டவும் இல்லை. நான் சொல்ல வந்ததற்குச் சாட்சி அடுத்து நடந்ததில்தான் இருக்கிறது. வெளியூர் கிளம்பும் முன்பு ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர், ஸ்டெப்னி காற்று என்று அத்தனையும் தன் கையால் பார்த்த ஒரு வாடிக்கையாளர், அம்பாசிடரை விற்று மாருதி வாங்கினார். கொஞ்ச நாளிலேயே பானெட்டைத் திறப்பதையே விட்டுவிட்டார். மனிதர் அவரேதான், ஒழுங்கும் அப்படியேதான் இருந்தது. கேட்காத வண்டிக்கு எதற்குக் கொடுப்பது என்றிருந்துவிட்டார். மாருதி எஞ்சினில் சங்கிலிக்குப் பதில் பல் வைத்த ரப்பர் பெல்ட் உண்டு. அது அறுகிற வரைக்கும் சத்தமே போடாது. அறுந்து நடுரோட்டில் நின்ற பிறகுதான், அப்படி ஒரு பெல்ட் இருப்பதே பலருக்குத் தெரிந்தது.

ஸ்டாண்டர்டு கம்பெனி 1988-இல் மூடியது, அம்பாசிடர் 2014-இல் நின்றது. அப்பா அதற்கு முன்பே பட்டறையைக் கொடுத்துவிட்டார்.

நீள நோட்டுகளில் சில என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் புரட்டினால் "பி.ஆ. டாப்-அப்" நிறைய வரும், "வீ.சி. கிட் மாற்றியது", அதாவது பிரேக்கின் வீல் சிலிண்டர் கிட், வரும். பிரேக் ஆயிலை முழுக்க வடித்துப் புதிதாக ஊற்றியதாக ஒரு வரிகூட இல்லை. ஆதியில் விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்து செய்த அந்தத் திரவம் பின்னால் கிளைக்கால் வகைக்கு மாறியது. கிளைக்கால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேரக் கொதிநிலை குறையும். ஏற்காடு மலையில் இறங்கும்போது டிரம் சூட்டில் அது கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரைக்குப் போய்விடும். சிலிண்டருக்குள் துருவும் பிடிக்கும். ஆனால் வெளியே ஒன்றும் ஒழுகாது, சத்தமும் வராது. அதனால் அவ்வளவு கவனமாக இருந்த எங்கள் பட்டறையிலேயே அதை யாரும் நினைக்கவில்லை. இன்றும் அதே வகைத் திரவம்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பல கையேடுகளில் போட்டிருக்கிறது. போன மாதம் எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் காருக்கு விலை உயர்ந்த பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "லெவல் கரெக்டா இருக்கே மேடம்" என்றார்.