இணைநகர் உறவும் வகுப்பறையும்

இரு நகரங்கள் 'இணைநகர்' எனக் கைகோப்பதை நாம் பெரும்பாலும் மேயர்களின் விருந்தாகவும் நினைவுப் பரிசாகவுமே காண்கிறோம். பினாங்கின் ஜார்ஜ் டவுனும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டும் 1973இல் அவ்வாறு இணைந்ததை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? ஆயினும் இவ்வுறவு வகுப்பறைக்குள்ளேயே நுழைந்த வரலாறும் ஒன்றுண்டு.

உலகப்போர் முடிந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த 1950இல், பிரான்சின் மோன்பெலியாரும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கும் உறவு பூண்டன. போருக்குப்பின் அவ்விரு நாட்டு நகரங்களிடையே ஏற்பட்ட முதல் இணைப்பு இதுவே. மோன்பெலியாரின் மேயர் லூசியன் தராதேன், புகன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர் மீண்டவர். அத்தகையவர் நட்புக்கரம் நீட்டினார் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1793 வரை ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் மோன்பெலியாரை ஆண்டது ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் அரச குடும்பம் என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

1962 செப்டம்பர் 9இல், பிரெஞ்சு அதிபர் டி கால் அதே லுட்விக்ஸ்பர்க்கில் ஜெர்மானிய இளைஞர்முன் அவர்கள் மொழியிலேயே உரையாற்றினார். நான்கு திங்கள் கழித்து, 1963 ஜனவரி 22இல் எலிசே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒருவர் மொழியை மற்றவர் கற்றல், கல்வித் தகுதிகளுக்கு இணைமதிப்பு, இளையோர் பரிமாற்றம் ஆகியன அதில் இடம்பெற்றன. இரு அரசுகளும் பொருளுதவி செய்யும் இளையோர் அலுவலகம் அவ்வாண்டு ஜூலையில் தோன்றியது. இதனையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். நட்பை நகரங்கள் தந்தன. செலவை அரசுகள் பகிர்ந்துகொண்டன. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் பயணம் கைகூடியது அதனாற்றான். மாணவர்கள் பெரும்பாலும் தங்கியதும் விடுதியிலன்று, எதிர்நாட்டு மாணவனின் வீட்டில். சுற்றுலாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் அறிவர்.

தொழிற்கல்வி பயில்வோர் சிறிது பிந்தியே இவ்வட்டத்துள் வந்தனர். 1980இல்தான் அவர்களுக்கெனத் தனிப் பரிமாற்றத் திட்டம் ஏற்பட்டது. பட்டறையில் பயிலும் பிள்ளைகளை நாமும் கடைசியில்தானே நினைக்கிறோம்!

2003இல், எலிசே ஒப்பந்தத்தின் நாற்பதாம் ஆண்டையொட்டிப் பெர்லினில் கூடிய இரு நாட்டு மாணவர்கள், தங்களுக்குப் பொதுவான வரலாற்றுப் பாடநூல் வேண்டும் எனக் கேட்டனர். ஜெர்மனியில் கல்வி பதினாறு மாநிலங்களின் பொறுப்பு. ஒவ்வொன்றின் பாடத்திட்டமும் வேறு. பிரான்சின் திட்டமோ முற்றிலும் வேறு. எனினும் முதல் தொகுதி 2006இல் வெளிவந்தது. அதே பாடம், அதே படங்கள். ஒரு பதிப்பு பிரெஞ்சில், மற்றொன்று ஜெர்மனில். போரில் எதிரெதிர் நின்றோரின் கொள்ளுப்பேரர்கள் அப்போரைப் பற்றி ஒரே பக்கத்தைப் படிக்கலாயினர்.