கேஸ் கிரில்

கேஸ் கிரில் என்பது புரொப்பேன் அல்லது இயற்கை எரிவாயுவை எரித்து, கம்பித்தட்டின் மேல் இறைச்சி, மீன், காய்கறிகளை வாட்டப் பயன்படும் திறந்தவெளி அடுப்பு. சிலிண்டரில் இயங்குவது, குழாய் இணைப்பில் இயங்குவது என இருவகைப்படும். அமெரிக்காவில் 1960களில் பரவத் தொடங்கியது. வெபர் நிறுவனத்தின் ஜெனிசிஸ் என்னும் கேஸ் கிரில் 1985இல் வெளிவந்தது.

புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ 1.5 மடங்கு கனமானது. கசிந்தால் மேலெழாமல் அடுப்புக்குள் தேங்கும். எனவே மூடியைத் திறந்து வைத்தே பற்றவைப்பது முதன்மையான விதி. மூடிய நிலையில் பொறி தட்டினால் தேங்கிய வாயு வெடித்தெரியக்கூடும். சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, ஒரு பர்னரை மட்டும் முதலில் ஏற்ற வேண்டும். தீப்பற்றாவிடில் வாயுவை அடைத்து, ஐந்து நிமிடமாவது கழித்தே மீண்டும் முயல வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பது பெரும் ஆபத்து.

பராமரிப்பில் எளிதில் கவனம் தவறும் உறுப்பு, வாயுவும் காற்றும் கலக்கும் குழாய். சிலந்தி அதனுள் வலை பின்னினால் வாயு பின்வாங்கி, பர்னருக்கு வெளியே தீப்பிடிக்கலாம். நீலச் சுடர் மஞ்சளாவது அடைப்பின் அறிகுறி. ரப்பர் குழாயிலும் இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவும்போது குமிழி பெருகினால் கசிவு உண்டு. கொழுப்புத் தட்டை அடிக்கடி வழித்தெடுக்க வேண்டும். கொழுப்புத் தீயில் நீர் ஊற்றலாகாது. கார்பன் மோனாக்சைடு உண்டாவதால் வீட்டினுள்ளோ கார் நிறுத்துமிடத்தினுள்ளோ இதனை இயக்கக் கூடாது.