குருவிடம் சொல்லக் கூடாத ஒன்று

தச்சு வேலையோ சமையலோ கத்துக்க ஒரு ஆசான்கிட்ட போனா, நம்ம கை எப்படி ஓடுதுன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும். நாம யாரை விரும்புறோம்ங்கறது அவருக்குத் தேவையில்லாத சமாச்சாரம். மனநல சிகிச்சை அப்படிப்பட்ட தொழில் இல்லை. நோயாளி பேசும்போது உனக்குள் என்ன நடந்தது, ஏன் கோபம் வந்தது, ஏன் பேச்சை மாற்றினாய் என்று மேற்பார்வை செய்யும் மூத்தவர் கேட்பார். உளப்பகுப்பாய்வுப் பயிற்சி இன்னும் ஒரு படி மேலே போகும். அங்கே மாணவர் தானே நோயாளி மாதிரி சாய்விருக்கையில் படுத்து, வருடக்கணக்கில் மனசைத் திறந்து பேச வேண்டும். பயிற்சியின் மையமே அதுதான்.

சரி, அந்த மூத்தவருடைய பாடப்புத்தகம் உங்களையே ஒரு நோய் என்று சொன்னால்?

கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 1973க்கு முந்தைய அமெரிக்காவில் தன்பால் ஈர்ப்புள்ள மனநல மருத்துவர்கள் யாரிடம் தொழில் கற்றார்கள், யார் அவர்களுக்கு வழிகாட்டினார்கள் என்பதுதான் என் கேள்வி. அந்த வரலாற்றை வழக்கமாகப் போராட்ட வரலாறாக எழுதுவார்கள். எனக்கு அதன் உள்ளே இருக்கும் ஆசிரியர்-மாணவர் கதைதான் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் சூழல். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1952ல் வெளியிட்ட முதல் நோய்ப்பட்டியல் கையேட்டிலேயே தன்பால் ஈர்ப்பு இடம்பெற்றிருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் அது குற்றமும்கூட. விஷயம் வெளியே தெரிந்தால் மருத்துவ உரிமம் போகலாம், வேலை போகலாம். உளப்பகுப்பாய்வு நிறுவனங்களில் கதை இன்னும் மோசம். தெரிந்தே ஒரு தன்பால் ஈர்ப்பாளரைப் பயிற்சிக்குச் சேர்க்க மாட்டார்கள். மறைத்துச் சேர்ந்தாலும் சிக்கல் தீராது. அந்தக் காலத்தில் பல நிறுவனங்களில், மாணவரைப் பகுப்பாய்வு செய்யும் ஆசிரியரே அவருடைய முன்னேற்றத்தைக் குழுவுக்கு அறிக்கையாகத் தர வேண்டும். சாய்விருக்கையில் சொன்னது மேஜைக்குப் போய்விடும். ஆக, உண்மை பேசக் கற்றுத்தரும் இடத்தில் பொய் சொன்னால்தான் தேற முடியும். இதைவிட வினோதமான குருகுலம் ஒன்றை நான் படித்ததில்லை.

ஜான் ஃப்ரையரை எடுத்துக்கொள்ளுங்கள். 1937ல் கென்டக்கியில் பிறந்தவர், வாண்டர்பில்ட்டில் மருத்துவம் படித்தவர். மனநல மருத்துவப் பயிற்சிக்காக கான்சாஸில் இருந்த புகழ்பெற்ற மெனிஞ்சர் நிறுவனத்துக்குப் போனார். மறைத்து வாழ்ந்ததே மனச்சோர்வாக முற்றி, அங்கிருந்து கிளம்பினார். அடுத்து பென்சில்வேனியா பல்கலைக்கழகம். அங்கே விஷயம் தெரிந்துபோய் வெளியேற்றப்பட்டார். கடைசியில் நாரிஸ்டவுன் அரசு மனநல மருத்துவமனையில்தான் பயிற்சியை முடித்தார். ஒரு ஆள் தொழில் கற்க மூன்று வாசல் ஏறி இறங்கியிருக்கிறார். திறமையில் குறை என்று எந்த வாசலிலும் சொல்லவில்லை.

அவரைப் போன்றவர்களுக்கு இருந்த ஒரே துணை ஒரு ரகசியக் கூட்டம். சங்கத்தின் சுருக்கப் பெயரான ஏ.பி.ஏ.வைக் கேலியாகத் திரித்து 'கே-பி.ஏ.' என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். உறுப்பினர் பட்டியல் கிடையாது, கடிதத்தாள் கிடையாது. சங்கத்தின் ஆண்டு மாநாடு எந்த ஊரில் நடக்கிறதோ, அந்த ஊரின் ஏதாவது ஒரு மதுக்கூடத்தில் சாயங்காலம் கூடுவார்கள். ஒரு புதுப் பையன் வந்தால் இன்னொருவர் கூட்டிவந்ததாகத்தான் இருக்கும். 'நான் மட்டும் இல்லை' என்பது அங்கே கிடைத்த முதல் பாடம். இரண்டாவது, எப்படி மறைப்பது என்பது. மூத்தவர்கள் உண்மையான அக்கறையோடுதான் அதைக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த, அவர்களைக் காப்பாற்றிய ஒரே வித்தை அதுதானே.

1972ல் டாலஸ் மாநாட்டில் தன்பால் ஈர்ப்பு குறித்து ஒரு கலந்துரையாடல் ஏற்பாடானது. செயற்பாட்டாளர்களான பார்பரா கிட்டிங்ஸும் ஃபிராங்க் கமெனியும் மேடையில் இருப்பார்கள், இரண்டு மனநல மருத்துவர்களும் இருப்பார்கள். கிட்டிங்ஸின் துணைவி கே லஹுசன் ஒரு கேள்வி கேட்டார்: இரண்டுமாக இருக்கும் ஒருத்தர், அதாவது தன்பால் ஈர்ப்பாளரான மனநல மருத்துவர், ஏன் இல்லை? கிட்டிங்ஸ் தனக்குத் தெரிந்த மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒருத்தர்கூட வரவில்லை. அவர்கள் எழுதிய மறுப்புக் கடிதங்களைப் பெயர் சொல்லாமல் மேடையில் வாசிக்கும் அளவுக்கு அவரிடம் சேர்ந்துவிட்டன. இந்த மொத்தக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் அந்தக் கடிதங்கள்தான்.

ஃப்ரையர் நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். அப்போது டெம்பிள் பல்கலைக்கழகத்தில் நிரந்தரமில்லாத ஆசிரியர் வேலை. பெயர் சொல்லமாட்டேன், முகம் காட்டமாட்டேன், குரலையும் மாற்றித்தான் பேசுவேன் என்றார். உருமாற்றிய ரப்பர் முகமூடி, பொய்முடி, தொளதொள கோட்டு, குரலைச் சிதைக்கும் ஒலிவாங்கி. 'டாக்டர் ஹெச். அனானிமஸ்' என்ற பெயரில் மே 2 அன்று பேசினார். எடுத்த எடுப்பிலேயே, நான் தன்பால் ஈர்ப்பாளன், நான் மனநல மருத்துவன் என்றார்.

பேச்சின் அந்தத் தொடக்கம்தான் எல்லா இடத்திலும் மேற்கோளாக வருகிறது. ஆனால் அவர் சபையின் பெரியவர்களிடம் மட்டும் பேசவில்லை. அந்த மாநாட்டுக்கு வந்திருந்த, தன்னைப் போலவே மறைந்திருக்கும் சக மருத்துவர்களிடமும் நேரடியாகப் பேசினார். நம்மிடம் வரும் நோயாளிகளுக்கு நாம் என்ன செய்கிறோம், நம் பயத்தை அவர்கள் தலையில் கட்டுகிறோமா என்பதுதான் அதன் சாரம். மதுக்கூடத்தில் காதோடு காதாக நடந்துவந்த வழிகாட்டல், முதன்முறையாக ஒலிபெருக்கி வழியாக நடந்தது என்று நான் இதைப் படிக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு தனியார் மனநல மருத்துவமனை அவரை வேலையை விட்டு அனுப்பியது. தன்பால் ஈர்ப்பாளராக மட்டும் இருந்தாலோ ஆடம்பரமாக மட்டும் இருந்தாலோ வைத்துக்கொள்வோம், இரண்டும் சேர்ந்தால் முடியாது என்று சொன்னாராம் நிர்வாகி. அதே ஆள் டாலஸில் முன்வரிசையில் உட்கார்ந்து முகமூடிக்காரரின் பேச்சைக் கேட்டவர். அவர்தான் இவர் என்று தெரியாது!

1973ல் இன்னொரு முக்கியமான ஆள் சார்லஸ் சில்வர்ஸ்டீன். தன்னைக் 'குணப்படுத்த' வருடக்கணக்கில் சிகிச்சைக்குப் போனவர். அந்த பிப்ரவரியில் நோய்ப்பட்டியல் குழுவின் முன் வாதிட்டபோது அவர் உளவியலில் முனைவர் பட்டம் முடிக்காத மாணவர்தான். எதிரில் இருந்தவர்கள் எல்லாம் துறையின் ஜாம்பவான்கள். மூத்தவர்கள் ஒளிந்திருந்ததால் மாணவன் போய் ஆசிரியர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. அதே காலகட்டத்தில் நியூயார்க்கில், பால்புதுமையினருக்கு அவர்களே சிகிச்சை தரும் மையங்களை உருவாக்குவதிலும் அவர் முன்னின்றார். மறைக்காமல் தொழில் பழக ஒரு இடம் கிடைத்தது அப்படித்தான்.

அந்த மே மாதம் ஹொனலுலு மாநாட்டில் நடந்ததை ரான் கோல்ட் என்ற செயற்பாட்டாளர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். குழுவின் முக்கிய உறுப்பினரான ராபர்ட் ஸ்பிட்ஸரை அவர் கே-பி.ஏ. கூடியிருந்த மதுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். பெரிய பெரிய ஆட்கள் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஸ்பிட்ஸர் திகைத்துப் போனார். வந்தவரைப் பார்த்து அவர்களும் மிரண்டு, முதலில் இவரைக் கூட்டிக்கொண்டு போ என்றார்கள். அந்த நேரம் பார்த்து ராணுவச் சீருடையில் ஒரு இளைஞர் உள்ளே வந்தார். அவரும் மனநல மருத்துவர். பகலில் கோல்டின் பேச்சைக் கேட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக இப்படியொரு இடத்துக்கு வந்தவர். கோல்டைக் கட்டிப்பிடித்து அழுதார். ஸ்பிட்ஸர் அதைப் பார்த்தார். டிசம்பர் 15 அன்று சங்கத்தின் அறங்காவலர் குழு தன்பால் ஈர்ப்பைப் பட்டியலிலிருந்து நீக்க வாக்களித்தது. எதிர்த்தரப்பு பொது வாக்கெடுப்பு கேட்டது. 1974ல் 5,854 பேர் நீக்கத்தை ஆதரித்தார்கள், 3,810 பேர் எதிர்த்தார்கள்.

ஜான் ஸ்பீகல் 1974ல் அந்தச் சங்கத்தின் தலைவரானவர். மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் உள்ளவர். அவரும் தன்பால் ஈர்ப்பாளர் என்பதைப் பேத்தி அலிக்ஸ் ஸ்பீகல் 2002ல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் விரிவாகச் சொன்னார். சங்கத்தை மாற்ற நினைத்த இளம் மருத்துவர்கள் அவர் வீட்டில்தான் கூடுவார்களாம். அவர்களில் ஒருவரான லாரன்ஸ் ஹார்ட்மனும் அப்போது மறைத்து வாழ்ந்தவர். பின்னாளில் அவரும் சங்கத் தலைவரானார். ஒரே வரவேற்பறையில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசியிருப்பார்கள், தன்னைப் பற்றி மட்டும் பேசியிருக்க மாட்டார்கள். இது என் ஊகம்தான், ஆனால் அந்தக் காலத்துக்குப் பொருந்தாத ஊகம் இல்லை.

வாக்கெடுப்போடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உளப்பகுப்பாய்வாளர்கள் அசையவே இல்லை. ரிச்சர்ட் ஐசே தன் பயிற்சிக் காலத்தில் வருடக்கணக்காகப் பகுப்பாய்வுக்குப் போனார், மாறிவிட்டதாக நம்பினார், திருமணம் செய்துகொண்டார். எதுவும் மாறவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. எண்பதுகளில் அவர் வெளிப்படையாக வாதாடத் தொடங்கியதும், சக மருத்துவர்கள் அவரிடம் நோயாளிகளை அனுப்புவது குறைந்தது. வழக்குப் போடுவேன் என்று மிரட்டித்தான் அமெரிக்க உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நகர்த்தினார். 1991ல் மாணவர் சேர்க்கையில் பாகுபாடு கூடாது என்று தீர்மானம் வந்தது. கவனியுங்கள், மாணவராகச் சேரலாம், அவ்வளவுதான். பயிற்சி தரும் மூத்த பகுப்பாய்வாளராகவும் ஆகலாம் என்று அதைத் திருத்த இன்னும் ஒரு வருடம் ஆனது. இந்த இரண்டாவது தீர்மானம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாணவனைச் சேர்ப்பது தாராள மனசு, சாய்விருக்கைக்குப் பின்னால் இருக்கும் நாற்காலியை விட்டுக்கொடுப்பது அதிகாரம்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குப் புதுச் சிக்கல்கள். சமூகம் சின்னது. உங்கள் மேற்பார்வையாளரை ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டு விருந்தில் பார்ப்பீர்கள். அவருடைய முன்னாள் துணை உங்கள் நோயாளியாக வந்து நிற்கலாம். பெருநகரத்துப் பாடப்புத்தகம் சொல்லும் 'எல்லை' எல்லாம் ஒரு கிராமத்து மருத்துவருக்கு எப்படிக் கஷ்டமோ, இவர்களுக்கும் அப்படியே. மறைப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்த இடத்தில் இப்போது, நோயாளியிடம் தன்னைப் பற்றி எப்போது, எவ்வளவு சொல்வது என்று கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

ஃப்ரையர் பிறகு டெம்பிளில் பேராசிரியரானார். எய்ட்ஸ் வந்தபோது, பிலடெல்பியாவில் மற்றவர்கள் தயங்கிய நோயாளிகளைத் தன் வீட்டு அலுவலகத்திலேயே வைத்துப் பார்த்தார். மரணம், துயரம் பற்றிய பயிற்சி அவருடைய தனித்துறையானது. ஜெர்மன்டவுன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவரும் அவரே. முகமூடிக்குள் இருந்தது தான்தான் என்று சங்கத்தின் மாநாட்டில் அவர் சொன்னது 1994ல், அவர் வாழ்ந்த பிலடெல்பியாவில். 2003ல் இறந்தார். உளப்பகுப்பாய்வுச் சங்கம் தன் பழைய நிலைப்பாட்டுக்காக மன்னிப்புக் கேட்டது 2019ல். அறுபதுகளில் அவர்களிடம் விண்ணப்பித்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் உயிரோடு இருந்தவர்களுக்கு அப்போது எண்பது வயதாவது ஆகியிருக்கும்.