பனையேறியின் மார்பு

யாழ்ப்பாணத்தில் உடல்வலிமையின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் பாடசாலை மைதானத்தில்தான் தொடங்குகிறார்கள். அங்கே ஆதாரம் தாராளம். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான கிறிக்கெற் போட்டி 1904இல் ஆரம்பித்தது. மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். இவையெல்லாம் பெருமைப்படவேண்டிய சங்கதிகள். ஆனால் குடாநாட்டில் மனிதரின் மார்புத் தசை தலைமுறை தலைமுறையாக உரமேறியது பனைமரத்தில். அந்த வரலாறு விளையாட்டு மலர்களில் இடம்பெறாமல் போனதற்குக் காரணம் அதைச் சுமந்த உடல்கள் யாருடையவை என்பதே.

சீவல் தொழிலாளி பனையேறும் முறையைக் கவனித்தால் விளங்கும். காலில் தளைநாரை மாட்டி, இரு கைகளாலும் மரத்தை அணைத்துக்கொண்டு, பாதங்களை ஒருசேர மேலே இழுத்து ஊன்றி, உடலை நிமிர்த்தி, மறுபடி கைகளை உயர்த்துகிறார். மேற்கையை உடலுக்கு முன்னால் குறுக்கே கொண்டுவருவது மார்பின் பெருந்தசைக்குரிய முதன்மை வேலை. மரத்தை அணைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தசைதான் முறுகுகிறது. பாளையைக் காலையும் மாலையும் சீவவேண்டும். ஆகவே 50, 60 அடி உயரத்துக்கு, அதே மரத்தில், நாளுக்கு இரண்டு தடவை ஏற்றம்; அப்படிப் பல மரங்கள். பாளையில் கட்டும் முட்டியில் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத கருப்பணி, பூசாவிட்டால் கள். குடாநாட்டின் மற்றக் கடும் வேலைகள் வேறு உறுப்புகளை வளர்த்தன: துலா மிதித்தவருக்குப் பலம் காலில், கரைவலை இழுத்தவருக்கு முதுகில்.

அணைப்பதும் தள்ளுவதும் ஒன்றல்லவே என்று உடற்பயிற்சி தெரிந்தவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. வாங்கில் மல்லாந்து படுத்துப் பாரம் தள்ளும் பெஞ்ச் பிரஸ் புதிய பயிற்சி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலசாலி ஜோர்ஜ் ஹக்கன்ஸ்மிட் 361 இறாத்தலைத் தள்ளியது தரையில் படுத்துத்தான். பெஞ்ச் பிரஸ்ஸைப் போட்டியாக நடத்தும் சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனம் 1972இல்தான் உருவானது. தள்ளும்போது மார்போடு முன்தோளும் மேற்கையின் பின்தசையும் சேர்ந்து உழைக்கவேண்டும். எனவே பனையேறியும் முதல்நாள் வெறும் 20 கிலோ தண்டோடுதான் தொடங்கவேண்டியிருக்கும். தோள்பட்டை எலும்புகளைப் பின்னிழுத்து வாங்கில் அழுத்தவேண்டும். பாதங்கள் தரையில் ஊன்றியிருக்கவேண்டும். பெருவிரல் தண்டைச் சுற்றிப் பிடிக்கவேண்டும். முழங்கைகளை அகல விரிக்காமல் உடலிலிருந்து ஏறக்குறைய 45 பாகையில் வைத்து, தண்டை மார்பின் கீழ்ப்பாதிக்கு இறக்கி மேலே தள்ளவேண்டும். தலைமாட்டில் ஒருவர் துணைக்கு நிற்கவேண்டும். பிறகு இரண்டரைக் கிலோ, இன்னும் இரண்டரைக் கிலோ என்று கூட்டலாம். ஒருநாள் பயிற்சிக்கு ஓரிரு நாள் ஓய்வு, தோள் நொந்தால் நிறுத்தம். பனை இதில் எதற்கும் இடம் கொடுக்கவில்லை. ஏறாத நாளில் பாளையும் கெடும், கூலியும் போகும். உழைப்பையும் பயிற்சியையும் பிரித்தது தசையைவிட இந்த ஓய்வுரிமைதான் என்பது என் முடிவு.

பனையேற்றம் கள்ளோடு தொடர்புள்ள தொழில் என்பதால்தான் அதற்கு மதிப்பில்லை, ஏறியவர்களின் சாதியால் அல்ல என்று இன்றும் சொல்வோர் உண்டு. அந்தக் கூற்று நிற்காது. அதே கைகள் இறக்கிய கருப்பணியைக் காய்ச்சிய பனங்கட்டி எல்லா வீடுகளிலும் இருந்தது. அந்த மார்பை மேற்துண்டால் மூடும் உரிமைகூட ஒரு காலத்தில் மறுக்கப்பட்டிருந்தது. கள்ளையே தொடாத அவர்களின் சிறுபிள்ளைகள் பாடசாலையில் வாங்கில் இருக்க விடாமல் நிலத்தில் இருத்தப்பட்டார்கள். யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் 1920களிலேயே சாதி ஒடுக்குமுறையை எதிர்த்துப் பேசியது. 1930ஐ ஒட்டிச் சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது மேல்சாதியினர் சிலர் பாடசாலைகளுக்கே தீ வைத்தனர். வகுப்பில் வாங்கு மறுக்கப்பட்டவரின் பலம் மைதானத்தின் ஏட்டில் ஏறியிருக்க வழியில்லை. கே. டானியல் 'பஞ்சமர்' போன்ற நாவல்களில் இந்த வாழ்வை எழுதினார். விளையாட்டு வரலாறு எழுதியவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இன்று குடாநாட்டு இளைஞர்கள் சாதி கேட்காத வாங்குகளில் படுத்து மார்பை வளர்க்கிறார்கள். அது நல்ல மாற்றம். ஆனால் பனையேறத் தெரிந்தவர்கள் அருகிவருகிறார்கள். தளைநாரை எப்படிப் பின்னினார்கள், மூச்சை எங்கே பிடித்தார்கள், தோள் நொந்தபோது என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மட்டுமே தெரியும். உங்கள் ஊரில் முதிய சீவல் தொழிலாளி ஒருவர் இருந்தால், அவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதி வையுங்கள். அடுத்த பாடசாலை விளையாட்டு மலருக்கு அனுப்புங்கள்.